கத்துக்க வர்றவங்கள இழுத்து உக்கார வைக்கறது எப்படி? கிளாஸ், ட்ரெய்னிங் ரெண்டுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

பாடம் எடுக்கறவங்க நாலு பேர் ஒண்ணா சேர்ந்தா கண்டிப்பா வர்ற டயலாக் ஒண்ணு இருக்கு, "இந்த பேட்ச்சுக்கு இன்ட்ரஸ்டே இல்லங்க". ஸ்கூல் டீச்சரும் இதையே தான் சொல்வாங்க, கம்பெனில சாஃப்ட்வேர் ட்ரெய்னிங் எடுக்கறவரும் இதையே தான் சொல்வார். அதோட பேச்சு முடிஞ்சிரும், ஏன்னா இன்ட்ரஸ்ட் இல்லனு சொல்லிட்டா பழி அந்த பக்கம் போய்ரும், நாம நிம்மதியா டீ குடிக்கலாம். அதுக்கப்பறம் என்ன பண்ணுவாங்கன்னா ஒரு மோட்டிவேஷன் ஸ்பீச், ரெண்டு கேம், ஜெயிச்சவங்களுக்கு ஒரு பரிசு. ரெண்டு நாள் கலகலனு இருக்கும், மூணாவது நாள் பழைய குருடி கதவ திறடி.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடறேன். ஆர்வம் வந்தா தான் படிப்பு வரும்னு பொதுவா நினைக்கறோம், ஆனா பெரும்பாலும் நடக்கறது தலைகீழா தான். ஒரு விஷயம் கொஞ்சம் கைக்கு வந்துருச்சுன்னா ஆர்வம் தானா பின்னாடியே வரும். அதனால இந்த வழிகாட்டில எழுச்சி உரை, கைதட்டல், வீடியோ பத்தி எல்லாம் ஒண்ணும் கிடையாது, பாடத்தையும் வேலையையும் எப்படி அடுக்கறதுங்கறது தான் முழுக்க. ஸ்கூல் பசங்க, காலேஜ், ஆபீஸ் ட்ரெய்னிங் எல்லாத்துக்கும் சேர்த்து தான் எழுதறேன், வித்தியாசம் வர்ற இடத்துல தனியா சொல்றேன்.

ஸ்டெப் 1: எந்த இடத்துல அடைச்சிருக்குனு முதல்ல கண்டுபிடிங்க

எந்த வேலைய குடுத்தாலும் மனசுக்குள்ள ரெண்டு கேள்வி ஓடும். இது என்னால முடியுமா? முடிஞ்சா எனக்கு என்ன பிரயோஜனம்? ஜாக்குலின் எக்கிள்ஸ், ஆலன் விக்ஃபீல்ட் மாதிரி ஆராய்ச்சியாளர்கள் பல வருஷமா வளர்த்த எதிர்பார்ப்பு-மதிப்பு கோட்பாடு இத சுத்தி தான் இருக்கு. இந்த வகை கோட்பாட்டோட பழைய வடிவங்கள்ல இந்த ரெண்டையும் கூட்ட மாட்டாங்க, பெருக்குவாங்க. அது தான் இதுல முக்கியமான விஷயம், ஏன்னா பெருக்கல்ல ஒண்ணு பூஜ்யம் ஆச்சுன்னா மொத்தமும் பூஜ்யம். "இத படிச்சா வாழ்க்கையே மாறிடும்"னு நீங்க எவ்ளோ கத்தினாலும், தன்னால முடியாதுனு முடிவு பண்ணிட்டவர் காதுல அது ஏறாது. மூணாவதா ஒரு கேள்வியும் இருக்கு, இதுக்காக நான் எத இழக்கணும்? நேரம், தூக்கம், மத்த வேலை, நாலு பேர் முன்னாடி மானம்.

இதுல எது பிரச்சனைனு ஆள பாத்தே ஓரளவு சொல்லிடலாம். முடியாதுனு நினைக்கறவர் ஆரம்பிக்கவே மாட்டார், பேனா தேடுவார், ஜோக் அடிப்பார், பக்கத்துல இருக்கறவர பாத்து எழுதுவார், இல்லன்னா "இதெல்லாம் சப்ப மேட்டர்"னு சொல்லிட்டு ஜன்னல் பக்கம் பாப்பார். இந்த ஆள தான் நாம அதிகமா தப்பா புரிஞ்சுக்கறோம், வெளிய தெரியறது அலட்சியம், உள்ள இருக்கறது பயம். எதுக்குனு புரியாதவர் வேற மாதிரி, சொன்னத சரியா செய்வார், ஆனா சொன்னதுக்கு மேல ஒரு வரி எழுத மாட்டார், "இது பரீட்சைல வருமா"னு மட்டும் கேப்பார். இழப்பு அதிகமா தெரியறவர் நல்லா ஆரம்பிச்சு பாதில காணாம போவார், ட்ரெய்னிங்ல உக்காந்துட்டே ஆபீஸ் மெயிலுக்கு பதில் போட்டுட்டு இருப்பார். தன்ன கேக்காம கொண்டு வந்து உக்கார வச்சுட்டாங்கனு கடுப்புல இருக்கறவர் கைய கட்டிட்டு சாஞ்சு உக்காந்து, ஸ்லைடுல ஒரு எழுத்து பிழைய கண்டுபிடிச்சு அத பத்தி பத்து நிமிஷம் பேசுவார்.

பாத்து புரியலன்னா கேட்ருங்க. முதல் நாளே ஒரு துண்டு பேப்பர் குடுத்து, பேர் போடாம மூணே கேள்விக்கு பதில் எழுத சொல்லுங்க: இந்த பாடத்துல எது வரவே வராதுனு நினைக்கறீங்க, இது உங்களுக்கு எதுக்கு உதவும்னு தோணுது (ஒண்ணுக்கும் உதவாதுனு தோணுனா அதையே எழுதலாம்), இங்க வர்றதுனால எந்த வேலை நின்னு கிடக்குது. கைதூக்க சொல்லி இத கேக்காதீங்க, சபைல யாரும் உண்மைய சொல்ல மாட்டாங்க.

ஸ்டெப் 2: முதல் ஜெயிப்ப சீக்கிரமா குடுங்க

இந்த ஒரு ஸ்டெப்ப மட்டும் உருப்படியா செஞ்சாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஆல்பர்ட் பண்டூரானு ஒரு உளவியல் அறிஞர், 1977ல தன்னால முடியும்ங்கற நம்பிக்கை எங்க இருந்து வருதுனு நாலு வழிய சொன்னார். தானே செஞ்சு ஜெயிக்கறது, தன்ன மாதிரி ஒருத்தர் ஜெயிக்கறத பாக்கறது, மத்தவங்க உன்னால முடியும்னு சொல்றது, அப்பறம் உடம்பும் மனசும் அந்த நேரத்துல இருக்கற நிலை (படபடப்பு மாதிரி). இதுல ரொம்ப பலமானது முதல் வழி தான். நாம எல்லாரும் தொங்கிட்டு இருக்கறது மூணாவது வழில, "உன்னால முடியும் உன்னால முடியும்"னு சொல்லிட்டே இருக்கறது, அதுக்கு செலவு கம்மி, பலனும் கம்மி.

1981ல பண்டூராவும் டேல் ஷங்க்கும் ஒரு ஆய்வு பண்ணாங்க. கணக்குல பலவீனமா இருந்த, கணக்குல ஆர்வமும் இல்லாத பசங்கள எடுத்துகிட்டு, 42 பக்கம் கழித்தல் கணக்கு குடுத்தாங்க, மொத்தம் 7 செஷன். ஒரு குழுவுக்கு ஒரு தடவைக்கு 6 பக்கம்னு கிட்டத்துல இருக்கற இலக்கு, இன்னொரு குழுவுக்கு கடைசிக்குள்ள 42 பக்கமும் முடிச்சிருங்கனு தூரத்து இலக்கு, இன்னொண்ணுக்கு இலக்கே சொல்லல. கணக்கு பாத்தா 6 ஏழு 42, எல்லாருக்கும் ஒரே வேலை தான். ஆனா கிட்டத்து இலக்கு வச்ச பசங்க திறமைலயும் நம்பிக்கைலயும் முன்னாடி போனாங்க, அதுக்கு மேல, யாரும் கட்டாயப்படுத்தாத நேரத்துல தாங்களா கணக்கு போட்டு பாக்கறதும் அவங்ககிட்ட தான் அதிகமா இருந்துச்சு. கணக்கு பிடிக்காத பசங்களுக்கு கணக்கு பிடிக்க ஆரம்பிச்சது யாரும் கணக்கோட அருமைய பேசினதால கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஒண்ண முடிச்சுட்டு எழுந்ததால.

சரி, இத நம்ம பாடத்துல எப்படி பண்றது? எக்செல் ட்ரெய்னிங்க எடுத்துக்கலாம். விலுக்அப் (VLOOKUP) ஃபார்முலா, அதாவது ஒரு பட்டியல்ல தேடி அதுக்கு பொருந்தற தகவல எடுத்து குடுக்கறது, அத சொல்லி குடுக்கறோம்னு வைங்க. வழக்கமான முறைல முதல்ல விளக்கம், ஃபார்முலாவோட நாலு பாகம், ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஸ்லைடு, அப்பறம் "இப்ப நீங்க பண்ணுங்க". பின் வரிசைல உக்காந்திருக்கறவர் அடிப்பார், எர்ரர் வரும், கமா விட்டுருப்பார், திருப்பி அடிப்பார், மறுபடி எர்ரர், பக்கத்துல இருக்கறவர் முடிச்சுட்டு சேர்ல சாஞ்சிருப்பார், இவர் மெதுவா மொபைல எடுத்துருவார். அவ்ளோ தான், அந்த செஷன்ல அவர் கதை முடிஞ்சுது.

இதையே மாத்தி போடுங்க. ஃபார்முலாவ முக்காவாசி அடிச்சே குடுத்துடுங்க, கடைசி இடம் மட்டும் காலி. அங்க பூஜ்யம் போட்டா அச்சு அசலா பொருந்தறத தேடும், ஒண்ணு போட்டா கிட்டத்தட்ட பொருந்தறத தேடும், இங்க எது வேணும்? அவர் யோசிச்சு பூஜ்யம் போட்டு என்டர் அடிச்சு, அந்த மூலைல இருக்கற குட்டி சதுரத்த புடிச்சு கீழ இழுக்கறார், முன்னூறு வரிசையும் மளமளனு நிரம்புது. அவர் முகத்த அப்ப பாருங்க. அடுத்த ஷீட்ல ரெண்டு இடம் காலி, அதுக்கடுத்து மூணு. இப்படி ஒவ்வொண்ணா நாம கைய எடுத்துட்டு வர்றோம். முழுசா தீர்த்து காட்டின உதாரணம் புதுசா கத்துக்கறவங்களுக்கு சும்மா கணக்கு குடுக்கறத விட நல்லா வேலை செய்யும்ங்கறது ஜான் ஸ்வெல்லரும் கிரஹாம் கூப்பரும் 1985ல அல்ஜீப்ராவ வச்சு காட்டினது. அதுல கடைசி படிய மட்டும் காலியா விட்டு ஆரம்பிச்சு, போக போக படிகள கூட்டறது ஒரு நல்ல தந்திரம்.

ரெண்டு முறை ஜெயிச்சப்பறம் தான் வேணும்னே ஒரு குழியோட ஷீட் குடுங்க, உதாரணத்துக்கு ஒரு பேருக்கு பின்னாடி கண்ணுக்கு தெரியாத ஒரு ஸ்பேஸ் ஒளிஞ்சிருக்கும், ஃபார்முலா சரியா இருந்தும் எர்ரர் அடிக்கும். இத முதல்லயே குடுத்திருந்தா "எனக்கு வராது"னு போயிருப்பார், இப்ப குடுத்தா "எங்கயோ ஏதோ ஒளிஞ்சிருக்கு"னு தேடுவார். அதே எர்ரர் தான், அது எந்த வரிசைல வருதுங்கறது தான் விஷயம்.

ஒரு எச்சரிக்கை. சுலபமா இருக்கணும்ங்கறதுக்காக போலியான வேலைய குடுக்காதீங்க. பெரியவங்களுக்கு மட்டும் இல்ல, எட்டு வயசு பையனுக்கே தெரியும் இது நம்மள குஷிப்படுத்த குடுத்ததுனு, அதுல ஜெயிச்சா நம்பிக்கை வராது, அவமானம் தான் வரும். வேலை சின்னதா இருக்கலாம், ஆனா நிஜமா இருக்கணும்.

ஸ்டெப் 3: "இது எதுக்கு"ங்கறத அவங்க வாயாலயே வர வைங்க

இங்க நிறைய பேர் பண்றது என்னன்னா, முதல் பதினஞ்சு நிமிஷம் இந்த பாடத்தோட பயன்கள்னு ஒரு பட்டியல் வாசிக்கறது. கேக்கறவருக்கு அது விளம்பரம் மாதிரி இருக்கும். 2009ல சயின்ஸ் இதழ்ல கிறிஸ் ஹல்மனும் ஜூடித் ஹரக்கிவிட்ஸும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. உயர்நிலை பள்ளி பசங்கள்ல ஒரு பாதிய, சயின்ஸ் கிளாஸ்ல படிக்கறது தங்களோட வாழ்க்கைல எங்க ஒட்டுதுனு அப்பப்ப எழுத சொன்னாங்க, மீதி பேர் பாடத்தோட சுருக்கத்த எழுதினாங்க. நமக்கு சயின்ஸ் வராதுனு நினைச்சிருந்த பசங்களுக்கு இந்த எழுத்து ஆர்வத்தையும் மார்க்கையும் ஏத்துச்சு. ஏற்கனவே நம்பிக்கையோட இருந்தவங்களுக்கு பெருசா ஒண்ணும் ஆகல. யாருக்கு தேவையோ அவங்களுக்கு தான் மருந்து வேலை செஞ்சிருக்கு.

அதனால நீங்க சொல்லாதீங்க, எழுத விடுங்க. ஒரு பாடம் முடிஞ்சதும் மூணு நிமிஷம், "இன்னைக்கு படிச்சதுல ஒண்ண எடுத்து அது உங்க வேலைல, வீட்டுல, இல்ல உங்களுக்கு புடிச்ச எதுலயாச்சும் எங்க வருதுனு நாலு வரி எழுதுங்க". முதல் தடவை மொக்கையா தான் வரும், பரவால்ல, விடாம செய்ங்க. ஒண்ணுமே ஒட்டலன்னு ஒருத்தர் நேர்மையா எழுதுனா அதுவும் உங்களுக்கு தகவல் தான், சில பாடங்கள் நிஜமாவே அவருக்கு தேவையில்லாததா இருக்கும்.

பெரியவங்க விஷயத்துல இன்னொண்ணு. வயசு வந்தவங்க எப்படி கத்துக்கறாங்கனு எழுதின மால்கம் நோல்ஸ் திரும்ப திரும்ப சொன்ன ஒரு கருத்து, அவங்க பாடத்த தேடி வரல, பிரச்சனைக்கு தீர்வு தேடி வர்றாங்கங்கறது. அதனால வரிசைய மாத்துங்க, முதல்ல அவங்க தினமும் மாட்டிக்கற பிரச்சனை, அதுல கொஞ்ச நேரம் அவங்கள முட்டி மோத விடுங்க, அப்பறம் தியரி. தியரிய முதல்ல வச்சா பிரச்சனை வர்றதுக்குள்ள தூங்கிருவாங்க.

ஸ்டெப் 4: கொஞ்சம் கடிவாளத்த அவங்க கைலயும் குடுங்க

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் ரெண்டு பேரோட சுயநிர்ணய கோட்பாட்டுல மனுஷனுக்கு மூணு அடிப்படை தேவை சொல்வாங்க: இது என் முடிவுங்கற உணர்வு, எனக்கு வருதுங்கற உணர்வு, இங்க நான் ஒரு ஆளு, என்ன மதிக்கறாங்கங்கற உணர்வு. ரெண்டாவத ஸ்டெப் 2ல பாத்தாச்சு, மூணாவது பின்னாடி வருது, இப்ப முதலாவது.

முடிவ அவங்க கைல குடுங்கன்னா என்ன வேணா பண்ணுங்கனு விட்டுடறது கிடையாது. புதுசா வர்றவர்கிட்ட "நீங்களே ஒரு ப்ராஜெக்ட் யோசிங்க"னு சொன்னா அவர் முழிப்பார். ரெண்டு மூணு வழிய காட்டி, இதுல ஒண்ணு எடுத்துக்கோங்கனு சொல்லுங்க. எந்த டேட்டாவ வச்சு பண்றது, தனியா பண்றதா ஜோடியா பண்றதா, எத முதல்ல பண்றது, இவ்ளோ போதும். மாத்தவே முடியாத விஷயம்னா காரணத்த சொல்லிடுங்க. "இது கட்டாயம், ஏன்னா இந்த மெஷின்ல இந்த லாக்க போடாம கைய விட்டா விரல் போயிடும்"னு சொன்னா யாரும் முறைக்க மாட்டாங்க, "இது கம்பெனி பாலிசி, பண்ணி தான் ஆகணும்"னு சொன்னா முறைப்பாங்க.

கட்டாய ட்ரெய்னிங்ல ஒரு சுலபமான வழி இருக்கு, ஏன் எல்லாரும் பண்றதில்லனு எனக்கு புரியல. முதல்லயே டெஸ்ட் வைங்க, பாஸ் ஆனவங்கள அனுப்பிடுங்க. வருஷா வருஷம் அதே ஸ்லைடு அறுபதையும் ஏற்கனவே தெரிஞ்சவர பாக்க வச்சுட்டு அவர்கிட்ட ஆர்வம் இல்லனு சொல்றது எந்த ஊர் நியாயம்?

ஸ்டெப் 5: பரிசு, மார்க், லீடர்போர்டு – கைய வைக்கும்போது பாத்து

டெசி 1971ல பண்ண சோதனை எளிமையானது. காலேஜ் மாணவர்களுக்கு சோமா க்யூப்னு துண்டுகள சேர்த்து உருவம் பண்ற ஒரு புதிர் குடுத்தார். மூணு செஷன். ரெண்டாவது செஷன்ல ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு புதிர் போட்டா ஒரு டாலர். மூணாவதுல யாருக்கும் காசு கிடையாது. நடுவுல சும்மா வெளிய போற மாதிரி 8 நிமிஷம் போயிட்டு, அவங்க தாங்களா அந்த புதிர தொடறாங்களா இல்ல பக்கத்துல கிடக்கற பத்திரிகைய பொரட்டறாங்களானு கவனிச்சார். காசு வாங்கினவங்களுக்கு, காசு நின்னதும், புதிர் மேல இருந்த ஈடுபாடு முன்ன இருந்தத விட கொறஞ்சிருந்துச்சு.

1973ல மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூணு பேரும் இதயே நர்சரி குழந்தைங்ககிட்ட பாத்தாங்க. ஏற்கனவே ஸ்கெட்ச் பேனால வரையறது புடிச்ச குழந்தைங்க. ஒரு குழுகிட்ட வரைஞ்சா சான்றிதழ் உண்டுனு முன்னாடியே சொன்னாங்க, ஒரு குழுவுக்கு சொல்லாம திடீர்னு குடுத்தாங்க, ஒரு குழுவுக்கு ஒண்ணுமே இல்ல. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு சும்மா விளையாடற நேரத்துல பாத்தா, முன்னாடியே பேரம் பேசி வாங்கின குழந்தைங்க மத்தவங்கள விட பாதி நேரம் தான் வரைஞ்சாங்க. திடீர்னு வாங்கினவங்களுக்கு ஒண்ணும் ஆகல. ஆக பரிசு மட்டும் குத்தவாளி கிடையாது, "இத செஞ்சா அத தர்றேன்"ங்கற பேரம் தான்.

இத படிச்சுட்டு பரிசே கூடாதுனு கொடி புடிக்கறவங்களும் இருக்காங்க, நான் அந்த கோஷ்டி இல்ல. 1999ல டெசியும் சகாக்களும் 128 சோதனைகள சேர்த்து பாத்ததுல, முன்கூட்டியே சொல்லி குடுக்கற பொருள் பரிசு தான் ஆர்வத்த கெடுக்குது, உருப்படியான பாராட்டு வார்த்தை பொதுவா ஆர்வத்த கூட்டுதுனு தான் வந்துச்சு. அதுவும் ஏற்கனவே புடிச்ச வேலைய பத்தின பேச்சு இது. யாருக்கும் புடிக்காத வேலைக்கு கெடறதுக்கு அங்க ஆர்வமே இல்லயே, வாய்ப்பாடு மனப்பாடம் பண்ண ஒரு ஸ்டிக்கர் குடுத்தா வானம் இடிஞ்சு விழாது. ஆனா கதை புக்க தானா எடுத்து படிக்கற குழந்தைகிட்ட போய் "பத்து புக் படிச்சா பரிசு"னு சொல்லாதீங்க, அடுத்து மெல்லிசா இருக்கற புக்கா பாத்து எடுக்க ஆரம்பிக்கும்.

லீடர்போர்டு, அதாவது யார் முதல் யார் கடைசினு எல்லாருக்கும் காட்டற பட்டியல், அத பத்தி சுருக்கமா: மேல இருக்கற மூணு பேருக்கு குஷி, கீழ இருக்கற இருபது பேருக்கு தினமும் ஒரு அறை. வைக்கணும்னா போன வாரம் நீ எங்க இருந்த, இந்த வாரம் எங்க இருக்கங்கறத அந்த ஆளுக்கு மட்டும் காட்டுங்க.

மார்க் விஷயம் இன்னும் கொஞ்சம் நுணுக்கம். ரூத் பட்லர் 1988ல பண்ண ஆய்வுல பசங்க வேலைக்கு சிலருக்கு குறிப்பு மட்டும், சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்கு ரெண்டும் குடுத்தாங்க. குறிப்பு மட்டும் வாங்கினவங்க தான் முன்னேறினாங்க, ஆர்வமும் அவங்களுக்கு தான் தங்குச்சு. மார்க்கும் குறிப்பும் சேர்த்து குடுத்தது மார்க் மட்டும் குடுத்த மாதிரியே ஆயிடுச்சு. யோசிச்சா புரியும், பேப்பர் கைக்கு வந்ததும் கண்ணு நேரா மார்க்குக்கு போகுது, அப்பறம் பக்கத்துல இருக்கறவன் மார்க்குக்கு போகுது, ராத்திரி முழிச்சு சிவப்பு மைல நீங்க எழுதின குறிப்ப எவன் படிப்பான். மார்க் போட்டே ஆகணும்னு விதி இருக்கற இடத்துல, குறிப்ப முதல்ல குடுத்து, அத வச்சு ஒரு திருத்தம் பண்ணி வாங்கிட்டு, ரெண்டு நாள் கழிச்சு மார்க்க சொல்லுங்க.

ஸ்டெப் 6: பாராட்டும் திருத்தமும்

"சூப்பர்", "வெரி குட்" இதெல்லாம் சத்தம் தான், கெடுதல் இல்ல, பலனும் இல்ல. "நீ ரொம்ப புத்திசாலிடா"ங்கறதுல கெடுதலே இருக்கு. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998ல வெளியிட்ட சோதனைகள்ல, முதல் புதிர்கள போட்ட பசங்கள்ல சிலர புத்திசாலினு பாராட்டினாங்க, சிலர நல்லா உழைச்சிருக்கனு பாராட்டினாங்க. அடுத்து வேணும்னே கஷ்டமான புதிர் குடுத்து தோக்க விட்டாங்க. அதுக்கப்பறம் மறுபடி சுலபமானது. புத்திசாலி பட்டம் வாங்கினவங்க முதல் தடவைய விட கீழ போனாங்க, உழைப்புக்கு பாராட்டு வாங்கினவங்க மேல போனாங்க. பட்டம் வாங்கினவங்கள்ல தங்களோட மார்க்க கூட்டி சொன்னவங்களும் அதிகம். பட்டத்த காப்பாத்தணும்ல.

இதுல இருந்து கிளம்பினது தான் வளர்ச்சி மனநிலை (முயற்சி பண்ணா திறமை வளரும்ங்கற எண்ணம்) அலை, போஸ்டர் ஒட்டறது, கோஷம் போடறது. போஸ்டர்ல எனக்கு நம்பிக்கை இல்ல. 2019ல அமெரிக்கால ஒன்பதாம் வகுப்பு பசங்க ஆயிரக்கணக்கான பேருக்கு இந்த மனநிலைய சொல்லி குடுத்து பண்ண பெரிய ஆய்வுல, படிப்புல பின்தங்கினவங்களுக்கு கிடைச்ச சராசரி ஏத்தம் 4 புள்ளிக்கு போடற கிரேடுல ஒரு 0.1 அளவு. குறைஞ்ச செலவுல அது மோசமில்ல, ஆனா மந்திரமும் இல்ல.

திருத்தம் சொல்றதுலயும் கவனம் வேணும். ஃபீட்பேக் பத்தின ஆய்வுகள சேர்த்து அலசின க்ளூகர், டெனிசி 1996ல சொன்னது, மூணுல ஒரு பங்குக்கு மேல ஃபீட்பேக் செயல்பாட்ட மோசமாக்கி தான் விட்டுச்சு. வேலைய விட்டு ஆள் மேல கவனம் போனா கெட்டுதுங்கறது அவங்க விளக்கம். அதனால எழுதும்போது மூணு விஷயம் மட்டும் பாருங்க, எது சரியா இருக்கு, எந்த இடத்துல தடம் மாறுச்சு, அடுத்த தடவை எத மாத்தி பாக்கணும். "கவனமா எழுதவும்"னு எழுதறது வேஸ்ட். "மூணாவது வரி வரைக்கும் கணக்கு சரி, நாலாவதுல அடைப்புக்குறிய பிரிக்கும்போது மைனஸ் உள்ள போகல, அந்த ஒரு வரிய மட்டும் திருப்பி போட்டு பாரு"னு எழுதினா அவனுக்கு உடனே செய்ய ஒரு வேலை இருக்கு, செஞ்சா சரியா வரும், அங்க ஒரு சின்ன ஜெயிப்பு. பாத்தீங்களா, மறுபடி ஸ்டெப் 2க்கே வந்துட்டோம்.

ஸ்டெப் 7: ரூம்ல இருக்கற பயத்த எறக்குங்க

மேரி பட் ரோங்கற ஆராய்ச்சியாளர் டீச்சர்கள் கேள்வி கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்காங்கனு அளந்து பாத்தாங்க, சராசரி ஒரு செகண்ட் தான். அத மூணு செகண்டுக்கு மேல நீட்டினா பதில் நீளமாச்சு, "தெரியாது"ங்கறது கொறஞ்சுது, எப்பவும் பேசாத பசங்களும் வாய திறந்தாங்க. செலவே இல்லாத வைத்தியம், ஆனா அந்த மூணு செகண்ட் அமைதிய தாங்கறது நமக்கு தான் கஷ்டம், மனசுக்குள்ள எண்ணிக்கோங்க. இன்னொரு விஷயம், நல்லா படிக்கறவன்னா கொஞ்சம் காத்திருப்போம், சுமாரா படிக்கறவன்னா உடனே அடுத்தவன்கிட்ட தாவிருவோம், அவனுக்கு உதவி பண்றதா நினைச்சுகிட்டு. அவன் அத வேற மாதிரி எடுத்துக்குவான்.

தப்பான பதில் வந்தா "எப்படி அந்த விடைக்கு வந்தீங்க"னு கேளுங்க, ஆனா சரியான பதிலுக்கும் அதே கேள்விய கேக்கணும், இல்லன்னா நீங்க அப்படி கேட்டாலே தப்புனு கண்டுபிடிச்சிருவாங்க. பெரிய கூட்டம்னா முதல்ல பக்கத்துல இருக்கறவரோட பேச விட்டு அப்பறம் கேளுங்க, ரெண்டு பேரோட தப்புன்னா மானம் பாதி தான் போகும்.

ஆபீஸ் ட்ரெய்னிங்ல இந்த பயத்துக்கு தனி முகம் உண்டு. இருபது வருஷம் சர்வீஸ் போட்டவர், டிபார்ட்மெண்ட்ல எல்லாரும் அவர்கிட்ட தான் சந்தேகம் கேப்பாங்க, இப்ப புது சாஃப்ட்வேர் முன்னாடி மவுஸ புடிச்சுகிட்டு தடுமாறணும், அதுவும் அவர் பையன் வயசுல இருக்கற ட்ரெய்னர் முன்னாடி. அவர் "பழைய சிஸ்டமே நல்லா தானே இருந்துச்சு"னு சொல்றது சிஸ்டத்த பத்தி இல்லங்க. அவர்கிட்ட போய் பயன்கள விளக்காதீங்க. "சார், இந்த பில்லுல தகராறு வந்தா நீங்க இப்ப எப்படி கண்டுபிடிப்பீங்க, கொஞ்சம் சொல்லுங்களேன்"னு கேளுங்க. அவர் சொல்வார், அதுல உங்களுக்கே தெரியாத ரெண்டு விஷயம் இருக்கும். அந்த வழிய அப்படியே புது சாஃப்ட்வேர்ல எங்க எங்க அமுக்கணும்னு அவரோட சேர்ந்து தேடுங்க. பயிற்சி நேரத்துல எல்லாரும் பாக்கற பெரிய திரைல அவர் ஸ்கிரீன மட்டும் போட்டுடாதீங்க.

ஸ்டெப் 8: நடுவுல வர்ற சரிவ எதிர்பாருங்க

முதல் நாள் உற்சாகம் எல்லா கோர்ஸ்லயும் வத்தும், உங்க குத்தம் இல்ல. புதுசுங்கற ருசி போயிருக்கும், திறமை இன்னும் வந்திருக்காது, அந்த இடைவெளில தான் ஆள் கழண்டுக்கறாங்க. அந்த நேரத்துல மனசு எப்படி இருக்கோ அத நம்பாதீங்க, முன்னாடியே ஒரு திட்டத்த எழுதி வாங்கிடுங்க. பீட்டர் கோல்விட்சர் சொன்ன "இது நடந்தா இத செய்வேன்" முறை இதுக்கு நல்லா உதவும். "தினமும் படிப்பேன்"னு எழுதினா போச்சு. "ராத்திரி சாப்பிட்டு தட்டு கழுவினதும் உக்காந்து ரெண்டு கணக்கு போடுவேன்"னு எழுதினா அந்த தட்டே ஞாபகப்படுத்தும்.

இன்னொரு வேலை, முதல் நாள் அவங்க செஞ்சத பத்திரமா எடுத்து வைங்க. அந்த தப்பும் தவறுமான ப்ரோக்ராம், மூணு வரில முடிஞ்ச கட்டுரை, திக்கி திக்கி பேசின ஆடியோ. சரிவு வர்ற வாரத்துல அத எடுத்து கைல குடுத்து "இப்ப இத திருத்துங்க"னு சொல்லுங்க. நீங்க ஒரு வார்த்தை பேச வேணாம்.

மார்க் இல்லாத குட்டி டெஸ்டும் அப்பப்ப வைக்கலாம், புக்க மூடிட்டு ஞாபகத்துல இருந்து எழுதறது, திருப்பி திருப்பி வாசிக்கறத விட நாள் கழிச்சும் நிக்கும்னு ரோடிகரும் கார்பிக்கும் 2006ல காட்டிருக்காங்க. மார்க் மட்டும் சேர்த்துடாதீங்க, மறுபடி பயம் வந்துரும்.

ஸ்டெப் 9: வேலை செஞ்சுதானு எப்படி தெரியும்?

ட்ரெய்னிங் முடிஞ்சதும் அஞ்சு ஸ்டார் போட்டு குடுக்கற ஃபார்ம் இருக்கே, அது சாப்பாடு நல்லா இருந்துச்சா, ட்ரெய்னர் சிரிச்ச முகமா இருந்தாராங்கறத தான் சொல்லும். டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959லயே மதிப்பீட்ட நாலு படியா பிரிச்சார்: புடிச்சுதா, கத்துகிட்டாங்களா, வேலைல பயன்படுத்தறாங்களா, அதனால பலன் வந்துச்சா. பெரும்பாலான இடத்துல முதல் படியோட கடைய மூடிடறாங்க.

ஆர்வத்த அளக்கணும்னா டெசி பண்ண மாதிரி பண்ணுங்க, கட்டாயம் இல்லாத நேரத்துல என்ன நடக்குதுனு பாருங்க. இடைவேளைல யாராச்சும் ஸ்கிரீன விட்டு எழாம இருக்காங்களா, சிலபஸ்ல இல்லாத கேள்வி வருதா, விருப்பம் இருந்தா பண்ணுங்கனு குடுத்த கணக்க எத்தன பேர் தொட்டாங்க, போன வாரம் சொன்னத வேற எங்கயோ முயற்சி பண்ணிட்டு வந்து "சார் அது வரல"னு புகார் சொல்றாங்களா. அந்த புகார் தான் எனக்கு தெரிஞ்சு நல்ல அறிகுறி.

எல்லாம் பண்ணியும் ஒருத்தர் அசையலன்னா தனியா கூப்பிட்டு பேசுங்க, காரணம் கிளாஸுக்கு வெளிய இருக்கலாம். தூக்கம் இல்லாத பையன், கண்ணாடி தேவைப்படற பையன், போர்டு தெரியாம பின்னாடி உக்காந்திருக்கற பொண்ணு, இவங்களுக்கு எந்த கோட்பாடும் வேலை செய்யாது, கண்ணாடி தான் வேலை செய்யும். ஆபீஸ்ல பெரும்பாலும் காரணம் மேனேஜர். திரும்பி சீட்டுக்கு போனதும் "அதெல்லாம் விடு, பழைய மாதிரியே அனுப்பு"னு அவர் ஒரு வார்த்தை சொன்னா உங்க ரெண்டு நாள் உழைப்பு காலி, அடுத்த ட்ரெய்னிங்குக்கும் அந்த ஆள் மனசு விட்டு வர மாட்டார். அதனால ட்ரெய்னிங்குக்கு தேதி குறிக்கறதுக்கு முன்னாடியே மேனேஜர்கிட்ட உக்காந்து, முதல் வாரத்துலயே அவர் டீம் ஆளுங்க புதுசா கத்துகிட்டத வச்சு பண்ண வேண்டிய ஒரு நிஜ வேலைய பேரோட, தேதியோட வாங்கிக்கோங்க. அவர் அத தர மறுத்தா அந்த பேட்ச்ச தள்ளி வைங்க.